நவுனுக்கு டெஃபினிஷன் எழுதிப் பழகுங்க: கஷ்டமான இங்கிலீஷ் வார்த்தை மனசுல நிக்கிற வழி

கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் போட்டித் தேர்வுக்கு படிக்கிற பசங்க பொண்ணுங்க நோட்டை வாங்கிப் பாத்தீங்கன்னா பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், இடது பக்கம் இங்கிலீஷ் வார்த்தை, நடுவுல ஈக்வல் டு, வலது பக்கம் தமிழ்ல ஒத்தை வார்த்தை, அப்படியே பக்கம் பக்கமா போகும். ராத்திரி உக்காந்து மனப்பாடம் பண்றாங்க, காலைல கேட்டா பாதி சொல்றாங்க, ஒரு மாசம் கழிச்சு எடிட்டோரியல்ல அதே வார்த்தை வந்தா எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு நிக்கிறாங்க. உழைப்புல குறையே இல்ல. அந்த ஈக்வல் டு-தான் பிரச்சனை.

எப்படின்னு பாருங்க. 'வேலி'ன்னா பள்ளத்தாக்கு (கேத்தி வேலின்னு சொல்றோமே அந்த வேலி). 'கார்ஜ்'னா பள்ளத்தாக்கு. 'ரவீன்'னாலும் பள்ளத்தாக்கு, 'கேன்யன்'னாலும் பள்ளத்தாக்குன்னுதான் போட்டிருக்கும். நாலு வார்த்தை படிச்ச மாதிரி இருக்கும், ஆனா தலைக்குள்ள போனது பள்ளத்தாக்குங்கிற ஒன்னுதான், அது மலையில பிறந்த குழந்தைக்கே தெரியும். இப்ப நம்ம ஊரை வச்சே பிரிச்சுப் பாக்கலாம். கேத்தி பக்கம் ரோட்டுல நின்னு கீழ பாத்தா ஊரும் தேயிலையும் கேரட் தோட்டமும் விரிஞ்சு கிடக்குல்ல, சுத்தி மலை, நடுவுல தாழ்வான அகலமான நிலம், அது 'வேலி'. முதுமலை பக்கம் மோயாறு பாறையை அறுத்துக்கிட்டு ரெண்டு பக்கமும் செங்குத்தா நிக்கிற மாதிரி ஆழத்துல ஓடுதே, அது 'கார்ஜ்'. பர்லியார் வழியா மேல ஏறும்போது ரெண்டு சரிவு நெருங்கி வந்து குறுகலா ஆழமா இறங்குற இடம் வரும், வேலியை விட ரொம்ப சின்னது, அது 'ரவீன்'. மழைத்தண்ணி ஓடி ஓடி தோட்டத்து மண்ணை அறுத்து வாய்க்கால் போல ஆக்கிடுதே, அது 'கல்லி'. 'கேன்யன்' நம்ம பக்கம் கைகாட்டி சொல்ற மாதிரி இல்ல, அது கார்ஜ் மாதிரியே ஆனா ரொம்பப் பெருசு, வறண்ட பூமியிலதான் அதிகம். இப்ப அஞ்சும் அஞ்சு வார்த்தையா ஆயிடுச்சு. இப்படி பிரிச்சு சொன்னோமே, அதுக்குப் பேருதான் டெஃபினிஷன். நான் சொல்ல வர்றது மொத்தமும் இதுதான், அர்த்தத்தை மனப்பாடம் பண்ணாதீங்க, டெஃபினிஷனை நீங்களே எழுதுங்க.

ஏன் முதல்ல நவுன் மட்டும்னு கேப்பாங்க. வெர்ப், அட்ஜெக்டிவ் எல்லாம் பக்கத்துல நிக்கிற வார்த்தையைப் பொறுத்து அர்த்தம் நகர்ந்துக்கிட்டே இருக்கும், ஆரம்பத்துலயே அதுல கை வச்சா குழப்பம்தான். நவுன் அப்படி இல்ல, அது ஒரு ஆள், ஒரு பொருள், ஒரு இடம், ஒரு நிலை, ஒரு பழக்கம், எதையாவது ஒன்னை நின்னு காட்டும். அதுவும் இல்லாம மத்திய அரசு வேலைக்கு நடக்கிற எஸ்.எஸ்.சி சிஜிஎல் தேர்வுல வர்ற ஒன் வேர்ட் சப்ஸ்டிட்யூஷன் கேள்வி இருக்கே, அது பெரும்பாலும் தலைகீழா போட்ட நவுன் டெஃபினிஷன்தான், அவங்க டெஃபினிஷனைக் கொடுக்கறாங்க, நீங்க வார்த்தையைக் கொடுக்கணும். டெஃபினிஷன் எழுதிப் பழகுனவங்களுக்கு அந்தக் கேள்வி தனியா படிக்க வேண்டிய பாடமே இல்ல.

சரி, எப்படி எழுதறது. ஒரு டெஃபினிஷன்ல ரெண்டு பங்கு உண்டு. இது எந்த இனத்தைச் சேர்ந்தது, அந்த இனத்துல மத்ததுல இருந்து எதுல வேறுபடுது. இனம், வேறுபாடு. கிரேக்கத்துல அரிஸ்டாட்டில் சொன்ன முறைன்னு லாஜிக் புக்ல எல்லாம் இருக்கும், ஆனா இது நமக்கு அந்நியமான விஷயம் இல்லீங்க. நம்ம நிகண்டை, அதாவது அந்தக் காலத்துச் சொற்பொருள் நூலை எடுத்துப் பாருங்க, திவாகர நிகண்டு 12 தொகுதி, தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர்னு இனம் பிரிச்சுத்தான் சொல்லை அடுக்கியிருக்காங்க, அகர வரிசையில இல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க நிகண்டை மனப்பாடம் பண்ணாங்கன்னா இனத்தோட சேத்துத்தான் ஒவ்வொரு சொல்லும் உள்ள போச்சு. அகர வரிசை தேடறதுக்கு நல்லது, கத்துக்கிறதுக்கு இனம்தான் நல்லது, இது என்னோட உறுதியான கருத்து.

ஒன்னு எழுதிப் பாக்கலாம். 'ஷோலா', நம்ம சோலைதான், இப்ப இங்கிலீஷ் டிக்‌ஷனரியிலயும் இருக்கு. இனம் என்ன, காடு. வேறுபாடு என்ன? "மலையில இருக்கிற காடு"ன்னு ஒருத்தர் எழுதுவாங்க. அப்ப யூகலிப்டஸ் காடு, சீகை மரக்காடு, பைன் காடு எல்லாமே ஷோலாவா? இல்லையே. இன்னொருத்தர் "நீலகிரியில இருக்கிற பசுமைமாறாக் காடு"ன்னு எழுதுவாங்க. அப்ப பழனி மலையில, கொடைக்கானல் பக்கம் இருக்கிற சோலை, ஆனைமலைச் சோலை, மூணாறு பக்கத்துச் சோலை எல்லாம் என்ன ஆச்சு? முதல் ஆள் வலையை ரொம்ப விரிச்சுட்டாரு, ரெண்டாவது ஆள் ரொம்ப சுருக்கிட்டாரு. சரியா எழுதணும்னா: தென்னிந்தியாவோட உயரமான மலைகள்ல, புல்வெளிக்கு நடுவுல மடிப்பு மடிப்பா இருக்கிற பள்ளங்கள்ல வளர்ற, மரம் அதிகம் உயராத, பசுமைமாறாக் காடு. இப்ப யூகலிப்டஸும் வெளிய போயிடுச்சு, கொடைக்கானலும் உள்ள வந்துடுச்சு.

இந்த சோதனைக்கு நம்ம தர்க்க சாஸ்திரத்துல பேரே இருக்கு. அவங்க டெஃபினிஷனை இலக்கணம்னு சொல்வாங்க, இலக்கணத்துக்கு மூணு குற்றம் வரலாம்பாங்க: அதிவியாப்தி, அவ்வியாப்தி, அசம்பவம். பசுவுக்கு இலக்கணம் சொல்லச் சொல்றாங்கன்னு வைங்க. "கொம்பு உள்ளது பசு"ன்னா எருமைக்கும் கொம்பு இருக்கு, வேண்டாததும் உள்ள வருது, அது அதிவியாப்தி. "செவலை நிறம் உள்ளது பசு"ன்னா வெள்ளைப் பசு வெளிய போயிடுது, அது அவ்வியாப்தி. "ஒத்தைக் குளம்பு உள்ளது பசு"ன்னா எந்தப் பசுவுக்குமே அது கிடையாது, அசம்பவம். கடைசியில அவங்க பிடிச்ச அடையாளம் அலைதாடி, அதாவது கழுத்துக்குக் கீழ மடிப்பா தொங்குற தோல். இங்கிலீஷ்ல அதுக்கு 'ட்யூலாப்'னு பேரு, அட்வான்ஸ்டு வொக்காபுலரியில வர்ற வார்த்தைதான், சேத்து எழுதி வச்சுக்குங்க. நீங்க எழுதுற ஒவ்வொரு டெஃபினிஷனையும் இந்த மூணு கேள்வில ஓட்டிப் பாருங்க: வேண்டாதது உள்ள வருதா, வேண்டியது வெளிய போகுதா, இல்ல சுத்தமா பொருந்தவே இல்லையா. வார்த்தை மனசுல தங்குறது டிக்‌ஷனரி பாக்கறப்ப இல்ல, இந்த ஓட்டிப் பாக்கிற வேலையிலதான்.

நோட்டு போடற விதம் சுருக்கமா சொல்லிடறேன். ஒரு வார்த்தைக்கு நாலு வரி. முதல் வரி வார்த்தை, ரெண்டாவது இனம், மூணாவது வேறுபாடு, நாலாவது நீங்க கண்ணால பாத்த ஒன்னை வச்சு ஒரு வாக்கியம். நான் இங்க தமிழ்ல விளக்குறேன், ஆனா நோட்டுல இங்கிலீஷ்லயே எழுதுங்க, "எ கார்ஜ் இஸ் எ டீப், நேரோ வேலி வித் ஸ்டீப் ராக்கி சைட்ஸ்", இந்த அச்சுல. டிக்‌ஷனரியை முதல்ல திறக்காதீங்க. உங்களுக்குத் தோணுற டெஃபினிஷனை எழுதிட்டு, அப்புறம் திறந்து பாத்து வேற கலர் பேனாவுல திருத்துங்க, அந்தத் திருத்தம் விழுந்த இடத்துலதான் நீங்க புதுசா கத்துக்கிட்டது இருக்கு. ஒரு நாளைக்கு அஞ்சு வார்த்தை போதும், அம்பது வேண்டாம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றோம், இனத்தைச் சொல்ற வார்த்தைகள். காடு, பள்ளத்தாக்கு மாதிரி இருந்தா இனம் சுலபமா வந்துடும், கண்ணுக்குத் தெரியாத விஷயத்துக்குத்தான் எல்லாரும் தடுமாறுறாங்க. அதுக்கு ஒரு முப்பது நாப்பது இனச்சொல் கைவசம் இருந்தா போதும்: 'ப்ராக்டிஸ்', 'ப்ராசஸ்', 'கண்டிஷன்', 'ஸ்டேட்', 'க்வாலிட்டி', 'டெண்டென்சி', 'பிலீஃப்', 'சிஸ்டம்', 'டிவைஸ்', 'சப்ஸ்டன்ஸ்', 'ஸ்டேட்மென்ட்', 'ஃபீலிங்', 'ரைட்', 'ட்யூட்டி', 'அக்ரிமென்ட்', இப்படி. 'நெபோட்டிசம்'னா என்ன, அதிகாரத்துல இருக்கிறவங்க சொந்தக்காரங்களுக்கே வேலையும் சலுகையும் கொடுக்கிற 'ப்ராக்டிஸ்'. 'அம்னெஸ்டி'ன்னா அரசாங்கம் ஒரு கூட்டத்துக்கே சேத்துக் கொடுக்கிற 'பார்டன்' (மன்னிப்பு), பெரும்பாலும் அரசியல் குற்றத்துக்கு. 'ட்ரூஸ்'னா சண்டையைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கிற 'அக்ரிமென்ட்'. இனச்சொல்லை சரியா பிடிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சது, எந்த ப்ரிபொசிஷன் வரும், எந்த வெர்போட போகும்னு கூட அதுவே ஓரளவுக்கு வழி காட்டும்.

ஒரே விஷயத்தைச் சுத்தி இருக்கிற வார்த்தைகளுக்கு இனம் வேற வேறயா இருந்தா இன்னும் நல்லது, அதையெல்லாம் ஒரே பக்கத்துல வைங்க. சாவைப் பத்தின நாலு வார்த்தை எல்லாரையும் குழப்பும்: 'எலெஜி', 'யூலஜி', 'எபிடாஃப்', 'ஆபிச்சுவரி'. நாலுக்கும் இரங்கல்னு தமிழ்ல போட்டா கதை முடிஞ்சது. இனம் பாருங்க. எலெஜி ஒரு பாட்டு, கவிதை. யூலஜி ஒரு பேச்சு, செத்தவங்களைப் புகழ்ந்து பேசுறது. ஆபிச்சுவரி பேப்பர்ல வர்ற அறிவிப்பு, வாழ்க்கைக் குறிப்போட. எபிடாஃப் கல்லறை மேல பொறிச்ச வாசகம். ஊட்டி செயின்ட் ஸ்டீஃபன்ஸ் சர்ச்சுக்குப் போனா பின்னாடி கல்லறைத் தோட்டம் இருக்கு, ஊட்டியை உருவாக்குன ஜான் சல்லிவனோட மனைவியும் மகளும் அங்கதான் அடக்கம். அந்தக் கல்லுங்கள்ல இருக்கிற எழுத்தை ஒரு தடவை நின்னு படிங்க. அதுக்கப்புறம் எபிடாஃபை ஆபிச்சுவரியோட யாரும் குழப்பிக்க மாட்டாங்க.

இனம் ஒன்னா இருந்து வேறுபாடு மட்டும் மாறுற கூட்டமும் உண்டு, அதுக்கு நம்ம மலையில ரொம்ப ஆழமான ஒரு உதாரணம் இருக்கு, கொஞ்சம் நின்னு சொல்றேன். 'ரெஃப்யூஜி', 'மைக்ரன்ட்', 'இமிக்ரன்ட்', 'எக்சைல்', 'ரீபாட்ரியேட்'. அஞ்சுக்கும் இனம் ஆள்தான், இடம் விட்டு இடம் போன ஆள். கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பக்கம் டேன்டீ (தமிழ்நாடு அரசோட தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீடுகள்ல இருக்கிற குடும்பங்களை வெளியூர்க்காரங்க சட்டுன்னு ரெஃப்யூஜின்னு சொல்லிடறாங்க, சில நேரம் பேப்பர்ல கூட. அது தப்பு. 1948ல இலங்கையில வந்த குடியுரிமைச் சட்டத்தால தோட்டத்துல வேலை பாத்த லட்சக்கணக்கான தமிழங்க எந்த நாட்டுக்கும் சேராதவங்களா ஆனாங்க, அந்த நிலைக்கு 'ஸ்டேட்லெஸ்நெஸ்'னு பேரு, இனம் 'கண்டிஷன்', வேறுபாடு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதது. அப்புறம் 1964ல சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும்னு. அப்படி இந்தியக் குடியுரிமையோட வந்தவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968ல அரசுத் தேயிலைத் திட்டம் ஆரம்பிச்சு அதுதான் டேன்டீ ஆச்சு. அவங்க உயிருக்கு பயந்து வேற நாட்டுல தஞ்சம் கேட்டு வந்தவங்க இல்ல, ஒப்பந்தப்படி குடிமக்களா திரும்பி வந்தவங்க, தாயகம் திரும்பியோர், அதாவது ரீபாட்ரியேட். 1983க்கு அப்புறம் போருக்குத் தப்பி வந்து முகாம்ல இருந்தவங்க ரெஃப்யூஜி. பிழைப்புக்காக ஊரு விட்டு ஊரு போறவங்க மைக்ரன்ட். வேற நாட்டுக்குள்ள நிரந்தரமா குடியேறி வர்றவங்க இமிக்ரன்ட். தண்டனையாவோ வேற வழி இல்லாமலோ சொந்த நாட்டை விட்டு வெளிய வாழறவங்க எக்சைல். ஒரு வார்த்தை மாறுனா ஒரு குடும்பத்தோட உரிமையே மாறிப் போகுது, அதனால இந்த அஞ்சோட வேறுபாட்டையும் மலையில படிக்கிற எந்தப் பிள்ளையும் தெளிவா எழுதத் தெரிஞ்சு வச்சிருக்கணும்னு நான் நினைக்கிறேன்.

அடுத்தது வானிலை. நாம எல்லாத்தையும் மிஸ்ட்டுன்னே சொல்லிடுவோம். ஆனா வானிலைக் கணக்குப்படி ஒரு கிலோமீட்டருக்குள்ள கண்ணு தெரியலைன்னா அது 'ஃபாக்', அதுக்கு மேல தெரிஞ்சா 'மிஸ்ட்'. ரெண்டும் நுண்ணிய நீர்த்துளிதான், வேறுபாடு எவ்வளவு தூரம் தெரியுதுங்கிறதுதான். 'ஹேஸ்'ல தண்ணியே இல்ல, காய்ஞ்ச தூசியும் புகையும். 'ட்ரிஸில்'னா துளி அரை மில்லிமீட்டருக்கும் கம்மியா இருக்கிற மழை. பேப்பர்ல நீர்ப்பனி, உறைபனின்னு பிரிச்சுப் போடுவாங்கல்ல, நீர்ப்பனி 'ட்யூ', உறைபனி 'ஃப்ராஸ்ட்', ஒன்னு துளி, இன்னொன்னு பனிப் படிகம். தேயிலையைக் கருக்குறது ரெண்டாவது. இந்த மாதிரி நம்ம பேச்சுலயே வேறுபாடு ரெடியா இருந்தா அதைப் பயன்படுத்திக்குங்க.

மலை ரயில்ல போறவங்க சும்மா செல்ஃபி எடுக்காம நாலு நவுன் எடுத்துக்கிட்டு வாங்க. மேட்டுப்பாளையம் ஊட்டி 46 கிலோமீட்டர், கல்லாறு தாண்டினதும் குன்னூர் வரைக்கும் பல்சக்கரத்துலதான் ஏறும். தண்டவாளத்துக்கு நடுவுல போட்ட பல் வச்ச நீளமான பட்டை 'ரேக்', அதைக் கவ்விக்கிட்டு சுத்துற சின்ன பல்சக்கரம் 'பினியன்'. 'க்ரேடியன்ட்'னா சரிவோட அளவு, அங்க அதிகபட்சம் 1க்கு 12, அதாவது 12 மீட்டர் முன்னாடி போனா 1 மீட்டர் மேல ஏறும். பள்ளத்தை தாண்டி வரிசையா தூண் நிறுத்தி ரயிலையோ ரோட்டையோ கொண்டு போற நீளமான பாலம் 'வயாடக்ட்', அதே வேலையை தண்ணிக்காக செஞ்சா 'அக்விடக்ட்'. ரெண்டுலயும் கடைசியில வர்ற 'டக்ட்' லத்தீன்ல கொண்டு போறதைக் குறிக்கும். பாத்தீங்களா, இனம் ஒரே வால்ல ஒட்டிக்கிட்டு வருது.

அந்த வால் விஷயத்தை வச்சே ஒரு கூட்டத்தை மொத்தமா பிடிக்கலாம். 'கல்ச்சர்'னு முடிஞ்சா வளர்க்கிறது, எதைன்னு முன்னாடி இருக்கும்: 'ஹார்ட்டிகல்ச்சர்' தோட்டப் பயிர், 'ஃப்ளோரிகல்ச்சர்' பூ, 'ஏபிகல்ச்சர்' தேனீ, 'செரிகல்ச்சர்' பட்டுப்புழு, 'பிசிகல்ச்சர்' மீன் (அவலாஞ்சியில ட்ரவுட் மீன் குஞ்சு பொரிக்கிற இடம் இருக்கே, அது ஞாபகம் வரட்டும்), 'சில்விகல்ச்சர்' காட்டு மரம். குறும்பர்கள் பாறையில ஏறி எடுக்கிற மலைத்தேன் ஏபிகல்ச்சரான்னு ஒரு பிள்ளை கேட்டா சந்தோஷப்படணும், ஏன்னா அது வளர்க்கிறது இல்ல, சேகரிக்கிறது, இனமே வேற. 'க்ரசி'ன்னு முடிஞ்சா ஆட்சி முறை: 'ஆட்டோக்ரசி' ஒருத்தர் கையில, 'ப்ளூட்டோக்ரசி' பணக்காரங்க கையில, 'தியோக்ரசி' மதத் தலைவர்கள் கையில. 'வோர்'னு முடிஞ்சா தின்னுறது: 'ஹெர்பிவோர்' இலை தழை, 'கார்னிவோர்' இறைச்சி, 'ஃப்ரூகிவோர்' பழம். அதோட சீகூர் பக்கம் கழுகுகளைப் பத்தி பேசும்போது வர்ற மூணையும் சேத்துக்குங்க: செத்த மிருகத்தோட உடம்பு 'கார்க்கஸ்', அழுகுற அந்த இறைச்சி 'கேரியன்', அதைத் தின்னு காட்டை சுத்தமா வைக்கிற உயிரினம் 'ஸ்கேவெஞ்சர்'. மனுஷன் உடம்புக்கு கார்க்கஸ் வராது, 'கார்ப்ஸ்'.

'ஃபோபியா' லிஸ்ட்டை மட்டும் அம்பது அறுபதுன்னு நெட்ல இருந்து இறக்கி படிக்காதீங்க, வாழ்க்கையில எங்கயும் வராது. பரீட்சைக்கு கிளாஸ்ட்ரோ (அடைபட்ட இடத்துக்குப் பயம்), அக்ரோ (உயரத்துக்கு), ஹைட்ரோ (தண்ணிக்கு), ஸீனோ (அந்நியருக்கு) மாதிரி நாலஞ்சு போதும். அதுல ஹைட்ரோஃபோபியாவுக்கு தண்ணி பயம்ங்கிறதோட ரேபிஸ் நோய்ங்கிற அர்த்தமும் உண்டு. வெறிநாய்க்கடி சிகிச்சைக்காக ஆரம்பிச்ச குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் வாசல்ல போறப்ப எல்லாம் அது ஞாபகம் வரும்.

தேயிலைத் தொழிற்சாலையில இருந்து எடுக்க வேண்டியது பெரும்பாலும் 'ப்ராசஸ்' இனம்: 'வித்தரிங்' பறிச்ச இலையை வாட விட்டு ஈரத்தைக் குறைக்கிறது, 'ஆக்சிடேஷன்' நசுங்குன இலை காத்தோட சேந்து நிறமும் மணமும் மாறுறது. குன்னூர் ஏல மையத்துல இருந்து 'ஆக்‌ஷன்' (ஏலம்), 'பிட்' (ஏலத்துல கேக்கிற விலை), 'லாட்' (ஏலத்துக்கு ஒன்னா வைக்கிற ஒரு தொகுதி). டீயை வாயில வச்சே தரம் சொல்ற ஆள் மாதிரி, ரசனை விஷயத்துல நுணுக்கமா தீர்ப்பு சொல்லக்கூடிய நிபுணர் 'கனாய்சர்', ஸ்பெல்லிங் மோசமா இருக்கும், எழுதிப் பழகுங்க.

கடைசிப் படி அப்ஸ்ட்ராக்ட் நவுன். இதுல இனச்சொல் மட்டும் போதாது, யாருக்கு, எப்ப, ஏன் வருதுன்னு ஒரு சூழ்நிலையையும் சேத்து எழுதணும். 'டைலெமா'வை எடுத்துக்குங்க, குழப்பம்னு எழுதினா தப்பு. ரெண்டு வழிதான் இருக்கு, ரெண்டுமே பிடிக்கல, ஆனாலும் ஒன்னை எடுத்தே ஆகணும்ங்கிற சூழ்நிலை. பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து கிடக்கு, கொழுந்து பறிச்சா கூலிக்கே கட்டாது, பறிக்காம விட்டா செடி மேல போய் முத்திடும், அந்த சின்ன விவசாயி நிக்கிற இடம்தான் டைலெமா. 'ரெசிலியன்ஸ்' வந்து 'கெப்பாசிட்டி' இனம், அடி விழுந்த பிறகு பழைய நிலைக்கு மீண்டு வர்ற திறன், அடியே படாம இருக்கிறது இல்ல. 'சிம்பதி'ன்னா அடுத்தவங்க கஷ்டத்துக்கு வருத்தப்படறது, 'எம்பதி'ன்னா அவங்க இடத்துல தன்னை வச்சு அந்த உணர்வைப் புரிஞ்சுக்கிற திறன், ஒன்னு ஃபீலிங், இன்னொன்னு அபிலிட்டி. 'நாஸ்டால்ஜியா' ஆரம்பத்துல ஒரு நோயோட பேரு, தெரியுமா? 1688ல யோஹான்னஸ் ஹோஃபர்ங்கிற மருத்துவ மாணவர் கிரேக்கத்துல வீடு திரும்புறது, வலிங்கிற ரெண்டு சொல்லைச் சேத்து உண்டாக்குனாரு, வெளியூர்ல இருந்த சுவிஸ்காரங்களுக்கு வந்த ஊர் ஏக்கத்துக்காக. அவங்களும் மலைக்காரங்கதான். இப்ப அது நோய் இல்ல, கடந்து போன காலத்து மேல வர்ற இனிப்பும் வலியும் கலந்த ஏக்கம். திருப்பூர்ல வேலை பாக்கிற நம்ம பசங்களுக்கு ஊரு ஞாபகம் வந்தா அது 'ஹோம்சிக்னஸ்', வீட்டுக்கு வந்துட்டா தீந்துடும். நாஸ்டால்ஜியா ஏங்குறது பழைய காலத்துக்கு, அது வீட்டுக்கு வந்தாலும் தீராது. இந்த ஒரு வேறுபாட்டை எழுதிட்டா ரெண்டு வார்த்தையும் ஆயுசுக்கும் உங்களோடதுதான்.

டிக்‌ஷனரி விஷயத்துல ஒன்னு சொல்லணும். லேர்னர்ஸ் டிக்‌ஷனரின்னு போட்டதையே வாங்குங்க, இல்ல போன்ல ஆஃப்லைன்ல போட்டு வைங்க, நம்ம பக்கம் பாதி ஊர்ல சிக்னல் நம்ப முடியாது. லாங்மேன் 1978ல முதல்ல போட்டப்பவே சுமார் 2,000 சாதாரண வார்த்தைக்குள்ளதான் எல்லா டெஃபினிஷனையும் எழுதணும்னு கட்டுப்பாடு வச்சாங்க, அதனால ஒரு கஷ்ட வார்த்தையைத் தேடப் போய் இன்னும் மூணு கஷ்ட வார்த்தையில மாட்டிக்க மாட்டீங்க. நீங்களும் அதே கட்டுப்பாட்டை வச்சுக்குங்க, டெஃபினிஷன் வார்த்தையை விட எளிமையா இருக்கணும். வார்த்தையையே திருப்பிப் போட்டு எழுதுறதும் ஆகாது, லேசினஸ்னா லேசியா இருக்கிறதுன்னு எழுதினா அங்க டெஃபினிஷனே இல்ல. பக்கத்துல சி, யு-ன்னு எழுத்து போட்டிருக்கும், எண்ணக்கூடியதா எண்ண முடியாததான்னு, அதையும் நோட்டுல ஏத்துங்க. தமிழ்ல அறிவுரைகள், தகவல்கள்னு தாராளமா சொல்றோம், இங்கிலீஷ்ல 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'எக்விப்மென்ட்', 'லக்கேஜ்' எதுக்கும் கடைசியில எஸ் வராது.

திருப்பிப் பாக்கிறது தனியா உக்காந்து பண்றதை விட ரெண்டு பேரா பண்ணுங்க. நம்ம விடுகதை எல்லாமே பேரை மறைச்ச டெஃபினிஷன்தானே, அதே மாதிரி பஸ்ல போகும்போது ஒருத்தர் டெஃபினிஷனை மட்டும் சொல்லணும், இன்னொருத்தர் வார்த்தையைக் கண்டுபிடிக்கணும், தப்பா வேற வார்த்தை வந்துடுச்சுன்னா சொன்னவரோட டெஃபினிஷன்ல ஓட்டை இருக்கான்னு முதல்ல பாருங்க. எழுதுன மறுநாள் ஒரு தடவை, மூணு நாள் கழிச்சு, ஒரு வாரம் கழிச்சு, ஒரு மாசம் கழிச்சுன்னு இடைவெளியைக் கூட்டிக்கிட்டே போங்க.

இப்பவே ஆரம்பிக்கிறதுக்கு நாலு தர்றேன், பதிலை மூடிட்டு யோசிங்க. ஒன்னு, ரெண்டு ஆறு ஒன்னு சேர்ற இடம். ரெண்டு, மோயாறு பவானியில போய் சேர்ற மாதிரி, பெரிய ஆத்துல போய் சேர்ற சின்ன ஆறு. மூணு, கெட்டது எதோ நடக்கப் போகுதுன்னு காரணமே இல்லாம முன்கூட்டியே மனசுல தோணுற உணர்வு. நாலு, உயரத்துல இருக்கிற, மேல ஓரளவு சமமா விரிஞ்ச பெரிய நிலப்பரப்பு. பதில்: 'கான்ஃப்ளூயன்ஸ்', 'ட்ரிப்யூட்டரி', 'ப்ரிமோனிஷன்', 'ப்ளாட்டோ'.

அஞ்சாவதா ஒன்னு, இதுல வார்த்தையும் டெஃபினிஷனும் நானே தர்றேன், குற்றத்தை மட்டும் கண்டுபிடிங்க: "கம்யூட்டர்னா பஸ்ல போற ஆள்". ஊட்டிக்கு வர்ற டூரிஸ்ட்டும் பஸ்லதான் வர்றாங்க, அவங்க கம்யூட்டர் இல்ல, அதனால அதிவியாப்தி. கோத்தகிரியில இருந்து தினமும் ஸ்கூட்டர்ல குன்னூர் ஆபீசுக்குப் போயிட்டு வர்றவங்களை விட்டுடுது, அதனால அவ்வியாப்தியும். சரியான டெஃபினிஷனை நீங்க எழுதுங்க.